சவக்காலைக்கு வீட்டு இலக்கம் இல்லை

"நாலு வருசம் கம்பசில கிடந்து படிச்சது என்ட சிரட்டைய எட்டிப் பாக்கிறதுக்கா புள்ள?"

கோழிக்கூட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து டோர்ச் அடித்துக்கொண்டிருந்த எனக்குக் காது சுட்டது. கேட்டவர் இலட்சுமிப்பிள்ளை மாமி. எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் அவருடைய வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை.

"சிரட்டையக் கவுட்டு வையுங்க எண்டு போன கிழமையும் சொன்னன்தானே மாமி?"

"கவுட்டுத்தான் வெச்சன். கோழி பிரட்டிப் போட்டா நான் என்ன செய்ய?"

"அப்ப கோழிக்கு நோட்டீஸ் ஒட்டவா?"

என்னோடு பொதுச் சுகாதாரக் களப்பயிற்சிக்கு வந்திருந்த முப்லிஹா வேலிப்பக்கம் திரும்பி நின்று சிரித்தாள். ஏறாவூர்க்காரி. தினமும் காலையில் ஸ்கூட்டியில் வந்து இறங்குவாள். ஒரே மாவட்டத்துப் பிள்ளைகள் என்று கம்பசில் எங்கள் இருவரையும் ஒரு சோடியாகப் பிடித்து இங்கே அனுப்பியிருந்தார்கள்.

சிரட்டைக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. ஒரு சிலந்தி இருந்தது. அதுவும் என்னை ஏன் வந்தாய் என்பதுபோலப் பார்த்தது.

அதுதான் என்னைப் பைத்தியமாக்கிக்கொண்டிருந்தது. மழை தை மாதத்தோடு நின்றுவிட்டது. வாவி கரையை விட்டு உள்ளே போய், சேறு காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஊரில் எந்தப் பாத்திரத்திலும் தண்ணீர் தேங்கவில்லை. ஆனால் எங்கள் ஒழுங்கையிலிருந்து மட்டும் ஒருவர் பின் ஒருவராக டெங்குக் காய்ச்சலோடு பெரியாஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியாகப் போனவள் என் அக்கா நிலானி. வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை.

நுளம்பு எங்கேயோ முட்டையிடுகிறது. எங்கே என்று கண்டுபிடித்தால் ஒரு நிமிட வேலை, கவிழ்த்துவிடலாம். கண்டுபிடிக்காவிட்டால் அடுத்தவர், அதற்கடுத்தவர் என்று போகும். நான் படிக்கிற படிப்பே இதற்குத்தான். அப்படியிருக்க என் சொந்த ஒழுங்கையில், என் சொந்த அக்காவைக் கடித்த நுளம்பின் வீட்டை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இரவில் படுத்தால் கால் தானாக ஆடியது. சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி நடந்தபடி சாப்பிட்டேன். வீட்டில் யாரும் என்னை ஏசவில்லை, ஏசுவதற்கு யாரும் வீட்டில் இருக்கவில்லை. அம்மா பகலெல்லாம் ஆஸ்பத்திரியில். பாசிக்குடா ஹோட்டலில் சமையல் வேலை பார்க்கும் நோபேட் அத்தான், அக்காவின் புருசன், லீவு போட்டுவிட்டு வார்ட்டுக்கு வெளியே வாங்கில் கிடந்தார்.

"வா, அடுத்த வீடு," என்றேன்.

"அடுத்த வீடு நேத்துப் பாத்தது."

"திரும்பப் பாப்பம்."

"உனக்கு விசர் புடிச்சிட்டு றொசானி," என்றாள் முப்லிஹா. ஆனாலும் வந்தாள்.

என் கோபத்துக்கு ஒரு பழைய காரணமும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மூன்று பேர். நிலானி அக்கா, டினேஷ் அண்ணா, நான். நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது டினேஷ் அண்ணா மோட்டார் சைக்கிளில் போய்ச் செத்துப்போனான். இருபத்துநாலு வயது. குடிக்கவில்லை, வேகமாக ஓடவுமில்லை, ஹெல்மெட்டும் போட்டிருந்தான். எதிரே வந்த லொறி ஒரு மாட்டுக்காகத் திடீரென்று பக்கம் வெட்டியது, அவ்வளவுதான்.

செத்தவீடு முடிந்து நான் திரும்பிப் போன கம்பஸ் பெரிய கம்பஸ். மாத்தறை, ஹற்றன், மன்னார் என்று நாட்டின் எல்லாப் பக்கத்துப் பிள்ளைகளும் இருக்கிற கடலில், என் அண்ணன் செத்தது பக்கத்து வாங்கில் இருந்தவளுக்கே தெரியாது. பெரிய மண்டபத்தில் புள்ளிவிபரப் பாடம். திரையில் ஒரு வரைபடம் போட்டார்கள். வீதி விபத்து மரணங்கள், மாகாணம், வயது. கிழக்கு மாகாணம், இருபதிலிருந்து இருபத்தொன்பது வரை, ஆண்கள் என்று ஒரு நீலக் கம்பம் மற்றக் கம்பங்களுக்கு மேலே எழும்பி நின்றது. அதற்குள்ளே டினேஷ் அண்ணா நின்றான். எந்த இடத்தில் நின்றான் என்று தெரியவில்லை.

எழுந்து ஆங்கிலத்தில் கேட்டேன். "இதற்குள் இருக்கிற ஒருவர் ஏன் செத்தார் என்று இந்தப் படம் சொல்லுமா?"

விரிவுரையாளர் நல்ல மனுசி. பொறுமையாகத்தான் சொன்னார். "கூட்டத்தைப் பற்றித்தான் எங்களால் சொல்ல முடியும். ஏன் இவர், ஏன் அன்றைக்கு என்று தனி ஒரு ஆளைப் பற்றி எங்களால் ஒருபோதும் சொல்ல முடியாது."

"அப்ப என்ன மண்ணாங்கட்டிக்கு இந்தப் படிப்பு?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டு வெளியே வந்துவிட்டேன். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களையும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வசனம் என்னை விட்டுப் போகவேயில்லை. ஊரில் கூட்டத்தோடு செபம் சொல்லும்போதும் கூட அது காதில் கேட்டது. அண்ணனின் கல்லறைக்கு நான் அடக்கத்துக்குப் பிறகு ஒரு நாளும் போனதில்லை. அங்கே போய் நின்று என்ன செய்வது என்று எனக்குத் தெரியாது. அம்மா தினமும் போவார். "ஒருக்கா வந்து அவனப் பாத்தித்துப் போ மனே," என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் கேட்பதை விட்டுவிட்டார்.

அன்று மத்தியானம் கடைசியாக அக்கா வீட்டுக்கே திரும்ப வந்தோம். எங்கள் வீடுதான் அது. எங்கள் பக்கத்தில் வீடு மகளுக்குத்தான் போகும். அக்காவுக்குக் கல்யாணத்தோடு எழுதிக் கொடுத்த வீட்டில்தான் அம்மாவும் நானும் இருந்தோம். கிணற்றடி, வாழையடி, பிரிட்ஜின் பின்தட்டு, எல்லாவற்றையும் மறுபடி பார்த்தாயிற்று. முப்லிஹா பின்மதிலில் சாய்ந்து நின்றவள் திடீரென்று தன் கையில் அடித்தாள். விரித்துப் பார்த்தாள். கறுப்பு உடம்பு, கால்களில் வெள்ளைக் கோடு.

"பட்டப்பகலில வாறா பாரு மகராசி," என்றாள். பிறகு மதிலுக்கு மேலால் எட்டினாள். "அங்கால என்ன?"

"சவக்காலை."

"அத ஏன் நாம பாக்கல்ல?"

"அதுக்கு வீட்டு இலக்கம் இல்ல."

ஆய்வுக்குரிய வரைபடத்தை வரைந்தவள் நான்தான். ஒழுங்கையின் எல்லா வீட்டுக்கும் இலக்கம் போட்டு, மதிலுக்கு அங்காலே வெறுமையாக விட்டிருந்தேன்.

"நுளம்புக்கு இலக்கம் வாசிக்கத் தெரியுமா புள்ள?" என்றாள் முப்லிஹா. அபாயாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பக்கத்துப் படலையால் போனாள். வேறு வழியில்லாமல் நானும் பின்னால் போனேன்.

வெயில் கொளுத்தியது. வெள்ளை மணலில் சிலுவைகள் வரிசை வரிசையாக நின்றன. கார்த்திகையில் ஆத்துமாக்கள் திருநாளுக்கு வைத்த பூச்சாடிகள், ஜாம் போத்தல்கள், கழுத்து வெட்டிய சோடாப் போத்தல்கள் எல்லாம் அப்படியே கிடந்தன. முப்லிஹா ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள்.

"எல்லாம் காஞ்சி கிடக்கு. எங்கட மையவாடியில இந்தக் கரைச்சல் இல்ல. தலைமாட்டில ஒரு மீசான் கல்லு, அவ்வளவுதான். சாடியும் இல்ல, பூவும் இல்ல."

"அப்ப வா, போவம்," என்றேன்.

"நில்லுகா. அந்தத் தொங்கலில பச்சையாத் தெரியிது."

அது எந்த மூலை என்று எனக்குத் தெரியும். கால் மணலில் புதைந்ததுபோல நின்றுவிட்டேன். அவள் போனாள், குந்தினாள், துளிக்குழாயை ஒரு சாடிக்குள் விட்டு எடுத்து வெள்ளைத் தட்டில் விட்டாள். பக்கத்துச் சாடியிலும் எடுத்தாள். அதற்கடுத்ததிலும் எடுத்தாள்.

"அல்லாவே! றொசானி, இஞ்ச வா! முழுக்க நுளம்புக் குடம்பி. கொதிக்குது புள்ள, கொதிக்குது!"

அவ்வளவு நாள் தேடியது கிடைத்த சந்தோசம் அவள் குரலில் இருந்தது. பிறகு அவள் நிமிர்ந்து கல்லை வாசித்தாள். வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது உன்ட..."

"ஓம்."

அந்த வரிசையில் எல்லாச் சாடியிலும் விளிம்புவரை தண்ணீர் நின்றது. புதிய செவ்வரத்தம் பூ, புதிய நித்தியகல்யாணி. ஊர் முழுக்கக் காய்ந்து கிடக்க, நுளம்புக்கு இங்கே மட்டும் ஒருவர் தினமும் தண்ணீர் வார்த்திருக்கிறார். யார் என்று எனக்குத் தெரியும்.

"றொசானி, கேளு," முப்லிஹா எழுந்து வந்து என் தோளைப் பிடித்தாள். "உம்மாட்ட இப்ப சொல்லாத. உன்ட ராத்தா ஆஸ்பத்திரியில இருந்து வீட்ட வரட்டும். நாம பேசாம இதக் கவுட்டித்துப் போவம். மறுகா ஈரமண் போட்டு வெச்சா பூவும் நிக்கும், நுளம்பும் வராது."

நல்ல யோசனைதான். ஆனால் படலை திறக்கும் சத்தம் கேட்டது.

அம்மா வந்துகொண்டிருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து பஸ்ஸில் வந்து, கோயிலுக்குப் போய்விட்டு, நேரே இங்கே. கையில் சோடாப் போத்தல் நிறையத் தீர்த்தம். என்னைக் கண்டதும் நின்றார். பிறகு அவருடைய முகம் விரிந்தது. அப்படி ஒரு முகத்தை நான் அண்ணன் செத்தபிறகு பார்க்கவேயில்லை.

"வந்துட்டியா மனே," என்றார். "கடைசியில அண்ணனப் பாக்க வந்துட்டியா."

முப்லிஹா தட்டை மெதுவாகத் தன் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"அக்காக்குப் பிளேட்லட் இன்னும் இறங்கிப் போச்சாம்," என்று அம்மா கல்லறைப்பக்கம் குந்தினார். "வயித்துப் புள்ளையப் பத்தி இப்ப ஒண்டும் சொல்லேலாதாம். நீயும் வந்திருக்காய், நல்லதாப் போச்சு. ரெண்டு பேருமாக் கேப்பம். டினேஷ் நாம கேட்டா செய்வான்."

போத்தல் மூடியைத் திறந்தார். சாடிக்கு மேலே சரித்தார்.

நான் பாய்ந்து கையைப் பிடித்தேன். "ஊத்தாதம்மா!"

"ஏன் புள்ள?"

"இந்தத் தண்ணிய எப்ப மாத்தின நீங்க?"

"மாத்துறதா? இது மந்திரிச்ச தண்ணி. சும்மா கிணத்துத் தண்ணியா, வீசி ஊத்த? காலால மிதிபடுமே! குறையக் குறைய விடுறன்." அம்மா பக்கத்துக் கல்லறைகளைக் காட்டினார். "இவங்களுக்கும் விடுறன். பாவங்கள், புள்ளையள் எல்லாம் கனடாவில. ஆரு வந்து பாக்கிற?"

கத்த வேண்டும்போல இருந்தது. ஊரிலுள்ள ஒவ்வொரு வீட்டிலும் கத்தினேனே, சிரட்டைக்கும் தகரப்பேணிக்கும் கத்தினேனே, இலட்சுமிப்பிள்ளை மாமியின் கோழிக்குக்கூட ஏசினேனே! இங்கே மட்டும் குரல் வரவில்லை. பொய் சொல்லவும் வரவில்லை. கடைசியில் வந்தது இவ்வளவுதான்:

"அப்ப அண்ணனுக்கு மேலேயே ஊத்துங்கம்மா. அதில ஆரும் மிதிக்கமாட்டாங்க. சாடிக்கு மண் போடுவம். பூ அதில நிக்கும்."

அம்மா கொஞ்சம் யோசித்தார். அது அவருக்குப் பிடித்தது. "அதுவும் சரிதான். அவனுக்குத்தானே," என்று சாடியைத் தூக்கி, வெள்ளை மணலில் மெல்லச் சரித்தார்.

தண்ணீரை மணல் குடித்துவிட்டது. குடம்பிகளை அது குடிக்கவில்லை. அண்ணனின் நெஞ்சிருக்கும் இடத்தில் அவை கறுப்பாகத் துள்ளித் துள்ளிக் கிடந்தன.

அம்மா குனிந்து பார்த்தார். களப்பயிற்சி தொடங்கிய நாள், இதைத்தான் ஒரு தட்டில் போட்டுக் குசினிக்குள் கொண்டுபோய் நான் அவருக்குக் காட்டினேன். இதுதான் அம்மா டெங்கு நுளம்பின் குஞ்சு, பாருங்க, எப்படிக் குட்டிக்கரணம் போடுது என்று சிரித்துக்கொண்டு விளக்கினேன். அவர் சோற்றை இறக்கிவைத்துவிட்டு வந்து பார்த்தார்.

இப்போது அவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த சாடியைத் தூக்கினார், ஊற்றினார். அதற்கடுத்ததையும் ஊற்றினார். கனடாக்காரர்களின் சாடிகளை அவரவர் கல்லறையிலேயே ஊற்றினார். "உள்ளால முட்டை ஒட்டியிருக்கும், தேய்க்கணும்," என்று முப்லிஹா மிக மெதுவாகச் சொன்னபோது, சேலைத் தலைப்பால் ஒவ்வொன்றையும் உள்ளே விட்டுத் தேய்த்தார். எல்லாம் முடிந்ததும் எழுந்து மணலைத் தட்டினார்.

"பஸ் போயிரும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

"ஏசியிருந்தாலும் பரவால்ல," என்றாள் முப்லிஹா. அவளுக்குக் கண் கலங்கியிருந்தது.

அதற்குப் பிறகு அம்மா பேசவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனார், வந்தார், குளித்தார், மறுபடி போனார். சவக்காலைப் பக்கம் போகவில்லை. நான் கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். எனக்கு நின்றால் இருக்க வேண்டும்போல, இருந்தால் ஓட வேண்டும்போல இருந்தது. சுகாதாரப் பரிசோதகர் அழகரத்தினம் சேர் வந்து ஒழுங்கைக்குப் புகை அடித்தார். "நல்ல வேலை செஞ்சிருக்கீங்க தங்கச்சி, இதக் கண்டுபுடிக்கிறது லேசில்ல," என்று பாராட்டினார். நன்றி சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினேன்.

மனதில் ஒன்றே ஒன்றுதான் ஓடியது. அக்காவுக்கோ பிள்ளைக்கோ ஏதும் நடந்தால் அம்மா அதற்குப் பிறகு உயிரோடு இருக்கமாட்டார். அவர் வார்த்த தண்ணீர்தான் என்று கண்டுபிடித்து அவர் கையில் கொடுத்தவள் நான்.

கர்த்தர் கைவிடவில்லை. அக்காவின் காய்ச்சல் இறங்கியது. பிளேட்லட் ஏறத் தொடங்கியது. பிள்ளையின் இதயத் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று சொன்னார்களாம். அத்தான் போனில் அழுதுகொண்டே சொன்னார். மத்தியானம் பார்வையாளர் நேரத்துக்கு முப்லிஹாவின் ஸ்கூட்டியில் பறந்து போனேன்.

அக்கா தலையணையில் சாய்ந்திருந்தாள். முகம் மெலிந்து கண் மட்டும் பெரிதாக இருந்தது. அம்மா கட்டில் ஓரத்தில் நின்று கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தார்.

"எனக்குத் தெரியும்," என்றாள் அக்கா, என்னைக் கண்டதும். "டினேஷ்தான் என்னயும் புள்ளையயும் காப்பாத்தின. அம்மா ஒவ்வொரு நாளும் அவனிட்டப் போய்க் கேட்டாதானே."

அம்மாவின் கை நின்றது.

"இல்ல மனே," என்றார். அவ்வளவு நாளைக்குப் பிறகு வந்த குரல் கரகரத்தது. "நான்தான் உனக்குக் காய்ச்சல் தந்த. அவன்ட சாடியில நான் வெச்ச தண்ணியிலதான் நுளம்பு பெருகியிருக்கு. உன்னயும் வயித்துப் புள்ளையயும் நான்தான் கொல்லப் பாத்திருக்கன்."

பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்த்தாள். அக்கா சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை.

"அம்மாக்கு நித்திரை இல்லாம என்னவோ ஆகிட்டு. றொசானி, நீ படிச்சவள்தானே. அம்மாட்டச் சொல்லு."

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று சொன்னால் அது பொய். அம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். ஓம் என்றால் அதோடு முடிந்தது. வாய் திறந்தபோது வந்தது என்னுடைய சொல்லே இல்லை. நான் எழுந்து வெளியே வந்த மண்டபத்தில், அந்த நல்ல மனுசி சொன்ன சொல்.

"அந்தத் தண்ணியில நுளம்பு பெருகினது உண்மைதான். ஒழுங்கைக்கு அதால காய்ச்சல் வந்திருக்கும். ஆனா அக்காவக் கடிச்ச நுளம்பு எங்க இருந்து வந்த எண்டு ஆருக்கும் சொல்லேலா அம்மா. கூட்டத்தப் பத்திச் சொல்லலாம். தனி ஆளப் பத்திச் சொல்லேலா. இது உங்களுக்காகச் சொல்லுறதில்ல. கம்பசில படிப்பிச்சது."

அம்மா கஞ்சிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"அப்ப நான்தான் எண்டு சொல்லேலாதா?"

"ஏலா."

"நான் இல்ல எண்டு?"

"அதுவும் ஏலா."

அம்மா என் பக்கம் திரும்பினார். மூக்கு விடைத்தது. எனக்கு அந்த மூக்கைத் தெரியும், தினமும் கண்ணாடியில் பார்க்கிற மூக்குத்தான்.

"மறுகா என்ன மண்ணாங்கட்டிக்கடி உனக்கு அந்தப் படிப்பு?" என்று வார்ட்டே கேட்கக் கத்தினார்.

"சாடிக்கு மண் போடுறதுக்கு," என்றேன்.

அம்மா அப்படியே கட்டிலில் இருந்தார். அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் செத்த அன்று அழாத அழுகையெல்லாம் அழுதார். அக்காவும் அழுதாள். தாதி வந்து மூன்று பேருக்கும் ஏசினார்.

பின்னேரம் வாவிக்கரையில் மண் அள்ளினோம். பானையை அம்மாவும் நானுமாகத் தூக்கிக்கொண்டு சவக்காலைப் படலையைத் திறந்தபோது, இலட்சுமிப்பிள்ளை மாமி வேலிக்கு மேலால் எட்டி, இப்ப என்ன கூத்து என்று கேட்டார். அம்மா அவருக்கு நின்று பதில் சொல்லிக்கொண்டிருக்க, நான் முதல் ஆளாக அண்ணனிடம் போனேன்.